நிலத்தின் விலையாக வேலை: நெய்வேலிச் சுரங்கமும் வட்டார வாழ்வாதாரமும்

1. முன்னுரை

ஒரு பெருநிறுவனத்தின் வருகையால் ஊரொன்று உருமாறுவது எர்லாங்கன் நகருக்குப் புதிதன்று. இரண்டாம் உலகப் போருக்குப் பின் சீமென்ஸ்-ஷுக்கெர்ட் நிறுவனம் தன் தலைமையகத்தை இங்கு அமைத்துக்கொண்டபோது, பல்கலைக்கழக நகராக அறியப்பட்டிருந்த எர்லாங்கன் மின்பொறியியல் நகராகவும் வளர்ந்தது. ஏறத்தாழ அதே காலத்தில், தமிழகத்தின் அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்தில் விருத்தாசலம், கடலூர் வட்டங்களுக்கு இடைப்பட்ட செம்மண் மேட்டில் மற்றொரு பெருநிறுவனம் உருவாயிற்று. அதுவே நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம். இவ்விரண்டுக்கும் ஓர் அடிப்படை வேறுபாடு உண்டு. ஆலை ஓர் ஊரின் அருகே வந்து அமையலாம். திறந்தவெளிச் சுரங்கமோ ஊரிருக்கும் நிலத்தையே கேட்கும். ஆகவே, சுரங்கம் தரும் வேலைவாய்ப்பை அது எடுத்துக்கொண்ட நிலத்திலிருந்து பிரித்து எண்ணுதல் இயலாது.

நெய்வேலியைப் பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் இருவகைப்படும். ஒருவகை, தென்னகத்தின் இருளகற்றிய திட்டமென அதனைப் போற்றும். மற்றொருவகை, உழவரை நிலத்தினின்று பெயர்த்த திட்டமெனக் குறைகூறும். இருவகையிலும் உண்மை உண்டு. எனினும், சுரங்கத்தால் எத்தகைய வேலைகள் தோன்றின, அவை எவரைச் சென்றடைந்தன, காலப்போக்கில் அவற்றின் தன்மை எவ்வாறு மாறியது என்னும் வினாக்களை இரண்டுமே முழுமையாக எழுப்புவதில்லை. அவ்வினாக்களுக்கு வரலாற்று நோக்கில் விடைகாண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கம். நெய்வேலியில் நிலத்துக்கான உண்மையான விலையாக மக்கள் கருதியது ரொக்க இழப்பீட்டை அன்று, வேலையையே என்பதும், அந்த விலை மூன்று தலைமுறைகளில் நிரந்தர வேலையிலிருந்து ஒப்பந்த வேலையாகவும், பின் பணமாகவும் சுருங்கியது என்பதும் இக்கட்டுரையின் கருத்தாகும்.

2. சுரங்கத்துக்கு முன்

தென்னார்க்காடு மணிலாப் பயிருக்குப் பெயர்பெற்ற மாவட்டம். மானாவாரி மணிலா, கம்பு, வரகு ஆகியவற்றோடு பண்ருட்டிப் பக்கத்து முந்திரியும் பலாவும் அதன் செம்மண் நிலத்தின் விளைபொருள்கள். இப்பகுதியில் பட்டாதாரர் நிலத்தை உழுதோரில் பலர் வாரதாரரும் கூலியாளரும் ஆவர். களையெடுப்பு, மணிலா பறிப்பு, முந்திரி பொறுக்குதல், உடைத்தல் ஆகியவற்றில் பெண்களின் உழைப்பே மிகுதி. சுரங்கம் வந்தபின் எவரெவர் வேலைக்கு உரியவராகக் கணக்கில் கொள்ளப்பட்டனர் என்பதை அறிய இந்தப் பின்னணி இன்றியமையாதது.

1930களின் நடுப்பகுதியில் நெய்வேலிப் பகுதியின் நிலக்கிழாரான ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது நீர் தானே பொங்கி எழுந்தது. அந்நீரோடு கரிய பொருளொன்றும் வெளிப்பட்டது. அவர் அதனை அரசின் கவனத்துக்குக் கொண்டுசென்றார். 1940களில் இந்திய நிலப்பொதியியல் ஆய்வுத்துறை இப்பகுதியில் துளையிட்டு ஆராய்ந்தது. விடுதலைக்குப் பின் சென்னை அரசின் சார்பில் சுரங்கப் பொறியாளர் எச். கே. கோஷ் மேற்கொண்ட விரிவான துளை ஆய்வே பழுப்பு நிலக்கரியின் பரப்பையும் அளவையும் உறுதிப்படுத்தியது. பின்னர்ப் பிரிட்டனைச் சேர்ந்த பவல் டஃப்ரின் நிறுவனம் திட்ட அறிக்கையை வகுத்தளித்தது.

அன்றைய சென்னை மாகாணத்துக்கு இக்கண்டுபிடிப்பு ஏன் இத்துணை முதன்மை பெற்றது என்பதற்குப் பொருளியல் காரணம் உண்டு. தென்னகத்தில் நிலக்கரி அரிது. வங்காளம், பீகார்ச் சுரங்கங்களிலிருந்து தொடர்வண்டியிலும் கப்பலிலும் அதனைக் கொண்டுவர வேண்டியிருந்தது. மழை பொய்த்தால் நீர்மின் நிலையங்கள் தளரும். ஆகவே, உள்ளூரிலேயே கிடைக்கும் எரிபொருளைத் தென்னகத்தின் தொழில்மயத்துக்கான திறவுகோலாக அன்றைய ஆட்சியாளர் கண்டனர். 1956 நவம்பர் 14 அன்று நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் பதிவுபெற்றது. 1957 மே 20 அன்று பிரதமர் நேரு அகழ்வுப் பணியைத் தொடங்கிவைத்தார். 1961 ஆகஸ்டில் நிலக்கரிப் படிவம் வெளிப்பட்டது. 1962இல் மின் உற்பத்தியும் தொடங்கியது.

3. முதல் தலைமுறை: கட்டுமானக் காலமும் நிரந்தர வேலையும்

நெய்வேலி தொடக்கத்தில் சுரங்கமாக மட்டும் திட்டமிடப்படவில்லை. ஒரே சுரங்கத்தை அடிப்படையாகக் கொண்டு பல தொழில்கள் அமைய வேண்டும் என்பதே இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டக் காலத்தின் எண்ணம். சோவியத் ஒன்றியத்தின் ஒத்துழைப்போடு கட்டப்பட்ட முதல் அனல்மின் நிலையம் படிப்படியாக 600 மெகாவாட் திறனை எட்டியது. யூரியா உரத் தொழிற்சாலையும், பழுப்பு நிலக்கரியை அழுத்திக் கரியாக்கும் ஆலையும் 1960களின் நடுப்பகுதியில் உருவாயின. அக்கரியாக்கும் ஆலையின் 'லெக்கோ' கரி தமிழகத்தின் பல நகரங்களில் வீட்டு அடுப்பெரிபொருளாக விற்பனையானது. மேல்மண்ணோடு வெளிவந்த வெண்களிமண்ணைக் கழுவித் தூய்மைப்படுத்தும் ஆலையும் இயங்கியது.

வேலைவாய்ப்பு நோக்கில் இவ்வமைப்புக்குத் தனிச் சிறப்பு உண்டு. அகழ்வுக்கு வேண்டிய ஆட்களைவிட அகழ்ந்ததைப் பயன்படுத்தும் ஆலைகளுக்கு வேண்டிய ஆட்களின் வகை மிகப் பெரிது. கொதிகலன், வேதியியல், மின்சாரம், பண்டகசாலை, தொடர்வண்டிப் பாதை, மருத்துவமனை, பள்ளி, நகர நிருவாகம் எனப் பல துறைகள் எழுந்தன. வட்டங்களாகப் பிரிக்கப்பட்டு அகன்ற சாலைகளோடு அமைந்த நெய்வேலி நகரியமே பல்லாயிரவர்க்குக் கொத்து வேலையும் தச்சு வேலையும் தந்தது. கட்டுமானப் பணிக்கெனக் கூலியாய் வந்தோர் பலர் பின்னர் நிறுவனத்தின் பணியாளராயினர். நிலம் இழந்த குடும்பத்தாருள் எழுத்தறிவு குறைந்தோர்க்கும் இத்தகைய பொதுநிலைப் பணிகளில் இடம் இருந்தது.

இங்குத்தான் அந்த எழுதாத உடன்பாடு உருவாயிற்று எனலாம். அக்காலத்தில் நிலம் 1894ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டத்தின்கீழ் கையகப்படுத்தப்பட்டது. அச்சட்டம் வழங்கியது இழப்பீடு மட்டுமே, வேலைக்கு அதில் இடமில்லை. மானாவாரி நிலத்துக்கு அன்று கிடைத்த தொகை சிறிது. எனினும், நிலம் கொடுத்த வீட்டில் ஒருவருக்கு 'கம்பெனி வேலை' கிடைத்துவிட்டால் மாதச்சம்பளம், குடியிருப்பு, மருத்துவம், பிள்ளைகளுக்குப் பள்ளி ஆகிய அனைத்தும் கூடவே வந்தன. பருவமழையை நம்பிய குடும்பத்துக்கு அது நிலத்தைவிட உறுதியான உடைமை. ஆகவே இழப்பீட்டுத் தொகையை விலையின் ஒரு பகுதியாகவும், வேலையை மறுபகுதியாகவும் மக்கள் கணக்கிட்டனர். சட்டத்தில் இல்லாத அந்த மறுபகுதியே பின்னைய எல்லா வழக்குக்கும் போராட்டத்துக்கும் வித்தாயிற்று.

அவ்வுடன்பாட்டிலும் விடுபட்டோர் உளர். வேலை கோரும் உரிமை பட்டாவைப் பின்தொடர்ந்தது. பிறர் நிலத்தில் வாரத்துக்கும் கூலிக்கும் உழைத்தோர் தம் வாழ்வாதாரத்தை இழந்தனர், ஆனால் 'நிலம் கொடுத்தோர்' என்னும் பெயரைப் பெறவில்லை. பெண்களின் நிலையும் இத்தகையதே. 1952ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டம் திறந்தவெளிச் சுரங்கங்களில் காலை 6 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் பெண்களைப் பணியமர்த்துவதைத் தடுத்தது. இத்தடை 2019இல்தான் தளர்த்தப்பட்டது. இரவும் பகலும் மூன்று முறைப்பணிகளாக இயங்கும் சுரங்கத்தில் இதன் விளைவு வெளிப்படை. வயலில் பெண்ணும் ஆணும் உழைத்த வீட்டில், சுரங்க வேலை ஆணொருவருக்கே சென்றது.

4. எந்திரமும் ஆட்களின் தேவையும்

நெய்வேலியின் வேலைவாய்ப்பு வரலாற்றை அதன் எந்திரங்களைக் கொண்டே விளங்கிக்கொள்ள இயலும். அவ்வெந்திரங்கள் பெரும்பாலும் ஜெர்மனியைச் சேர்ந்தவை. ரைன் பகுதிப் பழுப்பு நிலக்கரிச் சுரங்கங்களில் பயன்பட்ட முறையே இங்கும் கையாளப்பட்டது. குருப், ஓரன்ஸ்டைன்-கோப்பல் போன்ற நிறுவனங்கள் வடிவமைத்த அகழ்பொறிகளில் பெருஞ்சக்கரத்தின் விளிம்பில் வாளிகள் பொருத்தப்பட்டிருக்கும். சக்கரம் சுழலச் சுழல வாளிகள் மண்ணைச் சீவி எடுத்து கன்வேயர் பட்டையில் கொட்டும். பட்டை அம்மண்ணைக் கிலோமீட்டர் கணக்கில் கடத்திச் சென்று, முன்பே நிலக்கரி எடுக்கப்பட்ட பள்ளத்தில் பரப்பும்.

இம்முறைக்கு நெய்வேலி எளிதில் இடங்கொடுக்கவில்லை. இங்குள்ள மேல்மண்ணில் கடலூர் மணற்கல் கலந்திருந்தது. அது கடினமானது, வாளிகளின் பற்களை விரைந்து தேய்ப்பது. ஆகவே அகழ்வதற்கு முன் வெடிவைத்துத் தளர்த்த வேண்டியதாயிற்று. மேலும், படிவத்துக்குக் கீழ் மிகுந்த அழுத்தத்தோடு தேங்கியிருந்த நிலத்தடி நீரைச் சுற்றிலும் ஆழ்குழாய்க் கிணறுகள் அமைத்து இடைவிடாது இறைத்தாலன்றிச் சுரங்கத்தின் அடித்தளமே வெடித்து நீர் புகும். ஒரு டன் நிலக்கரிக்கு 5 கன மீட்டருக்கும் மேற்பட்ட மண்ணையும், அதன் எடையினும் பன்மடங்கு நீரையும் அகற்ற வேண்டியிருந்தது.

இவ்விடர்ப்பாடுகளே வேலைகளையும் தோற்றுவித்தன. பற்களை மாற்றுதல், தேய்ந்த தகடுகளைப் பற்றவைத்தல், பட்டைகளை இணைத்தல், பம்புகளைப் பேணுதல், பட்டையின் அடியில் சிதறும் மண்ணை அள்ளுதல் என்பன அவை. ஆனால் இவ்வேலைகள் ஒருதன்மையன அல்ல. அகழ்பொறியை இயக்குதலும் பழுதுநீக்கலும் பயிற்சி வேண்டுபவை. மண் அள்ளுதலும் துப்புரவும் உடலுழைப்பு மட்டும் வேண்டுபவை. முதல்வகை எண்ணிக்கையில் சிறிது, ஊதியத்தில் உயர்வு. இரண்டாம்வகை எண்ணிக்கையில் பெரிது, ஊதியத்தில் தாழ்வு. கட்டுமானக் காலத்தில் இரண்டுமே நிறுவனத்தின் பணிப்பதிவேட்டுக்குள் இருந்தன. பிற்காலத்தில் இரண்டாம்வகை பதிவேட்டுக்கு வெளியே தள்ளப்பட்டது.

விரிவாக்கம் வேலையை அதே விகிதத்தில் பெருக்கவில்லை. இரண்டாம் சுரங்கத்துக்கு 1978இல் ஒப்புதல் கிடைத்தது, 1984இல் அங்கு நிலக்கரி வெளிப்பட்டது. இரண்டாம் அனல்மின் நிலையம் 210 மெகாவாட் அலகுகள் ஏழினைக் கொண்டு 1470 மெகாவாட்டாக வளர்ந்தது. பின்னர் முதல் சுரங்கம் விரிவடைந்தது, சுரங்கம் 1ஏ சேர்ந்தது. மூன்று சுரங்கங்களின் ஆண்டுத் திறன் 28.5 மில்லியன் டன்னாயிற்று. ஆனால் ஒவ்வொரு புதிய அலகும் முந்தியதைவிடப் பெரிது, முந்தியதைவிடக் குறைந்த ஆட்களால் இயங்குவது. இதற்கிடையில் உரத் தொழிற்சாலையும் லெக்கோ ஆலையும் புதிய நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் மூடப்பட்டன. ஒரு சுரங்கத்தைச் சுற்றிப் பல தொழில்கள் என்ற தொடக்ககால எண்ணம் சுரங்கமும் மின்நிலையமும் என்ற அளவில் குறுகியது. நிலத்தின் தேவை பெருகிய காலமும் ஆட்களின் தேவை சுருங்கிய காலமும் ஒன்றாகவே அமைந்துவிட்டன என்பது இங்குக் கருதத்தக்கது.

5. சுரங்கத்தைச் சுற்றிய வணிகமும் தொழிலும்

நேரடி வேலைக்கு அப்பால் சுரங்கம் உருவாக்கிய தொழில்வாய்ப்புகளை மூன்றாக வகுக்கலாம்.

முதலாவது, சம்பளத்தைச் சார்ந்த வணிகம். மந்தாரக்குப்பம், நகரியத்தை ஒட்டிய இந்திரா நகர், வடலூர் ஆகியவை சம்பள நாளைக் கணக்கிட்டு இயங்கும் கடைத்தெருக்களாயின. துணிக்கடை, நகைக்கடை, அடகுக்கடை, உணவகம், வாடகை வண்டி, தனிப்பயிற்சி நிலையம் என அவற்றின் வகை விரிந்தது. பண்ருட்டிப் பலாவுக்கும் முந்திரிக்கும் அருகிலேயே வாங்குவோர் கிடைத்தனர். 1998 முதல் நிறுவனம் நடத்திவரும் நெய்வேலி புத்தகக் கண்காட்சியும் சம்பள நகரமொன்றின் வாங்கும் ஆற்றலை நம்பி எழுந்ததே. இவ்வகை வணிகத்தின் வலிமையும் நலிவும் ஒன்றே. நிரந்தரப் பணியாளர் தொகை குறையும்போது கடைத்தெருவும் குறுகும்.

இரண்டாவது, சுரங்கத்தின் உடன்விளைபொருளைச் சார்ந்த தொழில். இப்பகுதியின் களிமண்ணை அடிப்படையாகக் கொண்டு வடலூரில் 1960களில் நெய்வேலி பீங்கான் நிறுவனம் தோன்றியது. அதன் 'நெய்சர்' கழிவறைப் பீங்கான்கள் தமிழகமெங்கும் அறியப்பட்டவை. விருத்தாசலத்தில் பீங்கான் தொழிற்பேட்டையும் பீங்கான் தொழில்நுட்பப் பயிற்சி நிறுவனமும் அமைந்தன. மின் உருகித் தாங்கிகள், பொம்மைகள், அகல் விளக்குகள் ஆகியவற்றைச் செய்யும் சிறு சூளைகள் அங்குப் பெருகின. பிற்காலத்தில் அனல்மின் நிலையச் சாம்பலும் மூலப்பொருளாயிற்று. 1999ஆம் ஆண்டு அறிவிக்கையின்வழி நடுவண் அரசு உலர்சாம்பலைச் செங்கல் முதலியவற்றில் பயன்படுத்துவதைக் கட்டாயமாக்கியது. 2009இல் செய்த திருத்தம் சாம்பல் செங்கல் செய்வோர்க்கு உலர்சாம்பலில் ஒரு பகுதியை விலையின்றி ஒதுக்கியது. இவ்வகைத் தொழில்களுக்குச் சிறுமுதல் போதும். தொழில் தெரிந்த உள்ளூரார் உரிமையாளராகவும் இருக்கக்கூடிய துறை இது ஒன்றே. எனினும், தொடக்கத் திட்டத்தில் உரமும் கரியும் பெற்ற கவனத்தைக் களிமண்ணும் சாம்பலும் ஒருபோதும் பெறவில்லை.

மூன்றாவது, ஒப்பந்தப் பணி. மண் கடத்தும் லாரி, வாடகை எந்திரம், கட்டடப் பராமரிப்பு, ஆள்வழங்கல் ஆகியவை இதில் அடங்கும். இத்துறையில் நுழைய முதலும் செல்வாக்கும் வேண்டும். ஆகவே வட்டாரத்தில் ஏற்கெனவே நிலமும் செல்வாக்கும் உடையோர் ஒப்பந்ததாரராயினர், நிலமற்றோர் அவர்களிடம் கூலியாளராயினர். வயலில் இருந்த படிநிலை வேறு வடிவில் சுரங்கத்தின் வாயிலிலும் தொடர்ந்தது எனலாம்.

இவற்றோடு நீரின் கணக்கையும் சேர்க்க வேண்டும். சுரங்கத்திலிருந்து இறைக்கப்பட்ட நீர் பரவனாற்றின் வழியே வாலாஜா ஏரி, பெருமாள் ஏரிப் பாசனத்துக்கு உதவியது. அதே இறைப்பால் சுற்றுவட்டாரத்தில் பொங்கும் ஊற்றாக இருந்த நிலத்தடி நீர் ஆழத்துக்கு இறங்கியது. ஓரிடத்து உழவர்க்குக் கிடைத்த பயனும் மற்றோரிடத்து உழவர்க்கு நேர்ந்த இழப்பும் ஒரே பம்பிலிருந்து தோன்றியவை.

6. இரண்டாம் தலைமுறை: ஒப்பந்தத் தொழிலாளர்

ஒப்பந்தத் தொழிலாளர் முறையை நெறிப்படுத்தவும் நீக்கவும் 1970இல் நடுவண் அரசு சட்டமியற்றியது. நிலையான தன்மையுடைய பணிகளில் ஒப்பந்த முறையைத் தடைசெய்ய அது வழிவகுத்தது. நெய்வேலியில் அச்சட்டத்தின் காலத்துக்குப் பின்னரே ஒப்பந்தத் தொழிலாளர் தொகை பெருகியது. இரண்டாம் சுரங்கத்துக்காக நிலம் கொடுத்த குடும்பங்களின் பிள்ளைகள் பலர் தந்தையர் பெற்ற நிரந்தர வேலையை எதிர்நோக்கி, ஒப்பந்ததாரரிடம் நாட்கூலியாகச் சேர்ந்து காத்திருந்தனர். காத்திருப்பு ஆண்டுகளாக நீண்டது.

இந்நிலையில் கூட்டுறவுச் சங்கமொன்றின் வாயிலாக ஒப்பந்தத் தொழிலாளரை அமர்த்தும் ஏற்பாடு உருவாயிற்று. 'இன்ட்கோசர்வ்' எனச் சுருக்கமாக அழைக்கப்படும் அச்சங்கத்தில் சேர்வது நாட்கூலிக்கும் நிரந்தரத்துக்கும் இடைப்பட்ட படியாகக் கருதப்பட்டது. ஆக, ஒரே கன்வேயர் பட்டையின் அருகே மூவகைத் தொழிலாளர் நின்றனர். நிரந்தரத் தொழிலாளர், சொசைட்டித் தொழிலாளர், ஒப்பந்ததாரரின் தொழிலாளர் என்போர் அவர். மூவரின் ஊதியமும் விடுப்பும் மருத்துவ வசதியும் வெவ்வேறு.

2001இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு, இந்திய உருக்கு ஆணையத்தின் வழக்கில் அளித்த தீர்ப்பு இவ்வரலாற்றில் ஒரு திருப்பம். ஒப்பந்த முறை தடைசெய்யப்பட்டாலும் தொழிலாளர் தாமாகவே நிறுவனத்தின் நிரந்தரப் பணியாளராகிவிடார் என அத்தீர்ப்பு கூறியது. அதன்பின் சட்டவழி குறுகியது, போராட்ட வழி விரிந்தது. பணிநிரந்தரமும் ஊதிய உயர்வும் கோரி 2010இலும் 2012இலும் ஒப்பந்தத் தொழிலாளர் ஒரு மாதத்துக்கும் மேல் நீடித்த வேலைநிறுத்தங்களை நடத்தினர். 2023 சூலையில் மீண்டும் காலவரையற்ற வேலைநிறுத்தத்தில் இறங்கினர்.

ராஜஸ்தானின் பர்சிங்சர் உள்ளிட்ட பிற இடங்களையும் சேர்த்து, நிறுவனத்தின் நிரந்தரப் பணியாளர் தொகை 2010 வாக்கில் சுமார் 18,000. 2020களின் தொடக்கத்தில் அது 12,000க்கும் கீழிறங்கியது. ஓய்வுபெற்றோரின் இடங்கள் பெரும்பாலும் அதே வடிவில் நிரப்பப்படவில்லை. ஒப்பந்தத் தொழிலாளர் தொகையோ பத்தாயிரத்துக்கும் மேல் நிலைத்தது. 2020 மே மாதத்திலும் சூலையிலும் இரண்டாம் அனல்மின் நிலையக் கொதிகலன்களில் நேர்ந்த விபத்துகளில் உயிரிழந்தோருள் ஒப்பந்தத் தொழிலாளர் பலர் இருந்தனர். ஆபத்தான பணியை ஏற்போர் எவர் என்பதை அவ்விபத்துகள் நாட்டுக்கு உணர்த்தின.

7. மூன்றாம் தலைமுறை: வேலைக்கு மாற்றாகப் பணம்

1894ஆம் ஆண்டின் சட்டத்தை நீக்கி 2013இல் இயற்றப்பட்டு 2014 சனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த நில எடுப்புச் சட்டம் இரு வகையில் புதுமை உடையது. முதலாவதாக, நிலவுடைமையாளரோடு அந்நிலத்தில் உழைத்து வாழ்ந்தோரையும் பாதிக்கப்பட்டோராக அது ஏற்றது. ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் கணக்கில் வாராதிருந்த வாரதாரரும் கூலியாளரும் முதன்முறையாகச் சட்டத்தின் சொல்லில் இடம்பெற்றனர். இரண்டாவதாக, திட்டத்தால் வேலைகள் தோன்றுமிடத்து வேலை, அல்லது 5 லட்சம் ரூபாய் ஒரே தவணையாக, அல்லது 20 ஆண்டுகளுக்கு மாதம் 2,000 ரூபாய் என மூன்று தெரிவுகளை அதன் இரண்டாம் அட்டவணை வகுத்தது. எழுதாத உடன்பாடு இவ்வாறு எழுத்துருப் பெற்றது. ஆனால் எழுத்துருப் பெற்ற அக்கணத்திலேயே வேலைக்கு ஒரு பணமதிப்பும் குறிக்கப்பட்டுவிட்டது. அதுவரை நிலத்தின் விலையாக இருந்த வேலை, பணத்தால் ஈடுசெய்யக்கூடிய ஒன்றாயிற்று.

நிறுவனம் 2022இல் அறிவித்த புதிய மறுவாழ்வுத் திட்டம் ஏக்கருக்கு 23 லட்சம் ரூபாய் என்னும் உயர்ந்த தொகையையும், மறுகுடியமர்வு மனையையும் வீட்டையும் அளிக்க முன்வந்தது. நிரந்தர வேலைக்கு மாற்றாக ஒருமுறைத் தொகை அல்லது ஒப்பந்த வேலை என்பதே அதன் நிலைப்பாடு. முந்தைய தலைமுறைகள் பெற்றதோடு ஒப்பிட இத்தொகை பெரிதுதான். ஆயினும் உழவர் எழுப்பிய வினா தொகையைப் பற்றியதாக மட்டும் இல்லை. தாத்தாவின் நிலத்துக்கு வேலை கிடைத்தது, தந்தையின் நிலத்துக்கு ஒப்பந்த வேலை கிடைத்தது, எங்கள் நிலத்துக்கு என்ன என்பதே அவ்வினாவின் உட்பொருள்.

அதே 2022இல் கேட் தேர்வு மதிப்பெண் அடிப்படையில் நடந்த பட்டதாரிப் பொறியாளர் தேர்வில் தமிழகத்தார்க்கு இடமில்லை என்னும் குரல் சட்டமன்றக் கட்சிகள் பலவற்றிலிருந்தும் எழுந்தது. இதன் பின்னணியில் ஒரு சட்டச் சிக்கல் உண்டு. பிறப்பிடம், வாழிடம் ஆகியவற்றைக் காரணமாகக் கொண்டு அரசுப் பணியில் வேறுபாடு காட்டுவதை அரசியல் சாசனத்தின் 16ஆம் உறுப்பு தடுக்கிறது. நாடு முழுமைக்கும் பொதுவான நிறுவனம் என்ற நிலையும், குறிப்பிட்ட சில ஊர்களின் நிலத்தில் எழுந்த நிறுவனம் என்ற நிலையும் மோதும் இடம் இது. நிலம் கொடுத்தோர் கோருவது வட்டாரச் சலுகையன்று, விற்பனை விலையின் நிலுவைத் தொகை என்று கொண்டால் இம்மோதல் வேறு விதமாகத் தோன்றும்.

2023 சூலையில் வளையமாதேவியில் இரண்டாம் சுரங்கத்துக்கான வாய்க்கால் வெட்டும் பணி நெற்பயிர் நின்ற வயல்களின் ஊடே நடந்தது. அந்நிலம் பல ஆண்டுகளுக்கு முன்பே கையகப்படுத்தப்பட்டது என்றது நிறுவனம். விளைந்து நிற்கும் பயிரை அழிப்பதா என்றனர் உழவர். அம்மாதம் 28 அன்று நெய்வேலியில் நடந்த மறியல் கலவரமாக முடிந்தது. அதற்குச் சில மாதங்கள் முன்பு, 2023 ஏப்ரலில், காவிரி வடிநிலப் பகுதியின் சில நிலக்கரித் தொகுதிகளை ஏலப் பட்டியலில் சேர்த்த நடுவண் அரசு, தமிழக அரசின் எதிர்ப்புக்குப் பின் அவற்றை நீக்கியது. 2020இல் தமிழகம் இயற்றிய வேளாண் மண்டலப் பாதுகாப்புச் சட்டம் அவ்வெதிர்ப்புக்குத் துணைநின்றது. 1957இல் சுரங்கத்தை எதிர்காலமாகக் கண்ட மாநிலம், 2023இல் அண்டைப் பகுதிக்குச் சுரங்கமே வேண்டா என்றது. இம்மாற்றத்துக்குச் சூழலியல் அக்கறையும் நெற்களஞ்சியம் பற்றிய உணர்வும் காரணங்கள். நெய்வேலியில் வேலை குறித்த நம்பிக்கை தேய்ந்துபோனதும் அவற்றுக்கு நிகரான காரணம் என்பதை மறுத்தல் அரிது.

8. வாக்கர்ஸ்டோர்ஃப்: ஓர் ஒப்பீடு

எர்லாங்கனிலிருந்து கிழக்கே ஏறத்தாழ 90 கிலோமீட்டர் தொலைவில், பவேரியாவின் மேல் பலாட்டினேட் பகுதியில் வாக்கர்ஸ்டோர்ஃப் என்னும் சிற்றூர் உள்ளது. இங்கு 1906 முதல் பழுப்பு நிலக்கரி முறையாக அகழப்பட்டது. ஊரின் அடியிலும் நிலக்கரி இருந்தமையால் பழைய ஊரே அகற்றப்பட்டு, இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய ஆண்டுகளில் புதிய இடத்தில் அமைக்கப்பட்டது. நெய்வேலிப் பகுதி மக்கள் சில ஆண்டுகளுக்குப் பின் எதிர்கொண்டதை வாக்கர்ஸ்டோர்ஃப் மக்கள் முன்னரே கண்டனர். 1982இல் சுரங்கம் மூடப்பட்டது. வேலையிழப்பு வட்டாரத்தை வாட்டிய அச்சூழலில், அணு எரிபொருள் மறுசுத்திகரிப்பு ஆலையொன்றை அங்கு நிறுவும் திட்டம் வேலைவாய்ப்பு என்னும் பெயரால் முன்வைக்கப்பட்டது. மக்கள் அதனைக் கடுமையாக எதிர்த்தனர். 1989இல் அத்திட்டம் கைவிடப்பட்டது. அவ்விடத்தில் பின்னர்த் தொழிற்பூங்கா எழுந்தது, பிஎம்டபிள்யூ நிறுவனமும் அதில் இடங்கொண்டது. சுரங்கப் பள்ளங்களில் ஒன்று இன்று ஸ்டைன்பெர்க் ஏரியாகப் பயணிகளை ஈர்க்கிறது.

இவ்வொப்பீட்டிலிருந்து இரண்டு செய்திகள் பெறப்படும். ஒன்று, வேலை என்னும் உறுதிமொழி மட்டுமே மக்களின் ஒப்புதலைப் பெறப் போதுமானதன்று. மற்றொன்று, சுரங்கத்துக்குப் பிந்திய வாழ்க்கை தானே அமைந்துவிடாது, அதற்குத் திட்டமும் முதலும் வேண்டும். 2020இல் ஜெர்மனி நிலக்கரியிலிருந்து 2038க்குள் வெளியேறச் சட்டமியற்றியபோது, பழுப்பு நிலக்கரி வட்டாரங்களின் மாற்றுத் தொழில்களுக்கு 40 பில்லியன் யூரோ வரை ஒதுக்கவும் உடன் வகைசெய்தது. நெய்வேலியில் முதல் அனல்மின் நிலையம் அதே 2020இல் ஓய்வுபெற்றது. நிறுவனம் கதிரொளி மின்சாரத்திலும் பிற மாநிலச் சுரங்கங்களிலும் முதலீடு செய்துவருகிறது. 2016இல் அதன் பெயரிலிருந்து நெய்வேலி நீங்கி 'என்எல்சி இந்தியா' ஆனது. நிறுவனம் நெய்வேலியைக் கடந்து வாழ வழிகண்டுவிட்டது. மந்தாரக்குப்பத்துக் கடைத்தெருவும் விருத்தாசலத்துச் சூளையும் நிறுவனத்தைக் கடந்து வாழ வழி என்ன என்பதே எஞ்சும் வினா.

9. முடிவுரை

நெய்வேலி வேலை தரவில்லை எனல் வரலாற்றுப் பிழையாகும். மானாவாரிச் செம்மண்ணில் பல்லாயிரம் குடும்பங்கள் ஒரு தலைமுறைக்குள் கல்வியும் உறுதியான வருவாயும் பெற்றன. அவ்வேலை எல்லோரையும் ஒரே அளவில் சென்றடைந்தது எனலும் பிழையே. பட்டாவுடையோர்க்கு ஒரு கணக்கும் நிலமற்றோர்க்கு ஒரு கணக்கும், ஆண்களுக்கு ஒரு கணக்கும் பெண்களுக்கு ஒரு கணக்கும், முன்னர் நிலம் கொடுத்தோர்க்கு ஒரு கணக்கும் பின்னர்க் கொடுத்தோர்க்கு ஒரு கணக்கும் இருந்தன. நில எடுப்பு ஆவணங்கள் ஒருபுறமும் பணிப்பதிவேடுகள் மறுபுறமும் தனித்தனியே காக்கப்படுகின்றன. எந்தச் சர்வே எண்ணுக்கு எந்த வேலை ஈடாயிற்று என்பதை இவ்விரண்டையும் இணைத்து ஊர்தோறும் தொகுப்பது வட்டார வரலாற்றாளர் முன்னுள்ள பணியாகும். முதல் தலைமுறைத் தொழிலாளர் பலர் முதுமையில் உள்ளனர். அவர்தம் வாய்மொழியும் இத்தொகுப்பில் இடம்பெற வேண்டும்.

இப்பணி பழங்கதை தொகுப்பதாக மட்டும் அமையாது. அடுத்த சுரங்கத்துக்கோ ஆலைக்கோ நிலம் கேட்டு வருவோர் மீண்டும் வேலையைப் பற்றியே பேசுவர். அது எவருக்கு, எத்தகைய வேலை, எத்தனை தலைமுறைக்கு என்று அப்போது கேட்பதற்கு வேண்டிய சான்றுகள் நெய்வேலியின் அறுபதாண்டு வரலாற்றில் உள்ளன. வேலுடையான்பட்டு முருகன் கோயில் இன்றும் நகரியத்தின் நடுவே நிற்கிறது. பங்குனி உத்திரத்தன்று அங்குத் திரளும் மக்களுள், முன்பு அப்பகுதியில் ஏர் ஓட்டியவரின் பெயரன் நிரந்தரத் தொழிலாளராகவும் இருக்கலாம், சொசைட்டித் தொழிலாளராகவும் இருக்கலாம், வேலை தேடிக் கடல் கடந்து விடுமுறைக்கு வந்தவராகவும் இருக்கலாம். அவர்கள் மூவரின் வரலாறும் சேர்ந்ததே நெய்வேலியின் வரலாறு.